கேபினட் ஃபேன் சத்தம்: புது ஃபேன் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கம்ப்யூட்டர் கேபினட்டுக்கு எந்த ஃபேன் வாங்கினால் சத்தம் குறையும், அதற்குள் ஃபோம் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கூடவே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. முன்னால் மூன்று, மேலே ஒன்று, பின்னால் ஒன்று என்று ஐந்து ஃபேன். ஆன் செய்த நொடியிலிருந்து அணைக்கும்வரை ஒரே இரைச்சல். டைப் அடித்தாலும் கேம் ஓடினாலும் வித்தியாசமே தெரியவில்லை. ராத்திரி சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஏசியில் உட்கார்ந்தால் தலை வலிக்கிறது. அப்படியென்றால் முதலில் தெரிய வேண்டியது, வேலையே இல்லாத நேரத்திலும் உங்கள் ஃபேன்கள் ஏன் அதே வேகத்தில் சுற்றுகின்றன என்பதுதான். கம்ப்யூட்டர் அசெம்பிளி, சர்வீஸ் என்று பல வருடங்களாக இதே வேலையில் இருக்கிறேன். சத்தம் என்று கொண்டுவரப்படும் கேபினட்டுகளில் பெரும்பாலும் ஃபேன் நன்றாகத்தான் இருக்கும், அதன் வேகத்தை யாரும் கட்டுப்படுத்தியிருக்க மாட்டார்கள்.

வேகத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பு இந்த விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் முதலாவது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் சத்தம் 15 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போல் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் ஐந்து ஃபேனும் 1200 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1200 சுற்றில், ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டைக் கழற்றி வைத்துவிட்டு மூன்றை மட்டும் அதே வேகத்தில் ஓட்டினால் குறைவது சுமார் 2 டெசிபல்தான், பெரிதாகத் தெரியாது. ஐந்தையும் அப்படியே வைத்து 900 ஆர்பிஎம்முக்கு இறக்கினால் 6 டெசிபல் போகும், 800-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 9. அதனால் ஃபேன் அதிகமாக இருப்பதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். மெதுவாகச் சுற்றும் ஐந்து ஃபேன், வேகமாகச் சுற்றும் இரண்டைவிட நல்லது.

சரி, அவை ஏன் இறங்க மறுக்கின்றன? பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி, ஒவ்வொரு ஃபேனின் ஒயரும் எங்கே போய் முடிகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். நான்கு விதமாக இருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, அதாவது கேபினட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியிலிருந்து, வரும் அகலமான நாலு முள் மோலெக்ஸ் கனெக்டரில் நேராகச் செருகியிருந்தால், அந்த ஃபேனுக்கு எப்போதும் 12 வோல்ட் கிடைக்கும், எப்போதும் முழு வேகத்தில் ஓடும். பல நிற விளக்கு எரியும் விலை குறைந்த ஆர்ஜிபி கேபினட்டுகளில் இது சர்வசாதாரணம். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கும் இதுதான் முதலில் பொருந்துகிறது. இரண்டாவது, ஆறு முள் கனெக்டரோடு ஒரு சின்னப் பெட்டியில், அதாவது ஹப்பில் போய்ச் சேரும் ஃபேன்கள். இவற்றின் வேகம் அந்த ஹப்பின் கையில். கூடவே ரிமோட் வந்திருந்தால் அதில் வேகம் மாற்றும் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் வெறும் விளக்கு நிறத்தை மட்டும் மாற்றினால், அந்த ஃபேன்களை வைத்துக்கொண்டு செய்ய அதிகம் ஒன்றும் இல்லை. மூன்றாவது, மதர்போர்டில் செருகிய மூன்று முள் ஃபேன். நான்காவது, மதர்போர்டில் செருகிய நான்கு முள் ஃபேன். கடைசியாகச் சொன்ன இரண்டில் ஒன்று என்றால் ஒரு பைசா செலவில்லாமல் இன்றே சத்தத்தைக் குறைத்துவிடலாம்.

மூன்று முள் ஃபேனில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மூன்று முள்ளில் ஒன்று தரை (கிரவுண்ட்), ஒன்று மின்சாரம், மூன்றாவது வேகத்தைத் திருப்பிச் சொல்லும் சிக்னல். நான்கு முள் ஃபேனில் கூடுதலாக வருவது வேகத்தை ஆணையிடும் பிடபிள்யூஎம் சிக்னல். மதர்போர்டில் அந்தக் கனெக்டர் பிடபிள்யூஎம் முறையில் இருக்கும்போது 12 வோல்ட் மாறாமல் போய்க்கொண்டிருக்கும், வேகத்தை நான்காவது முள் பார்த்துக்கொள்ளும். அதில் மூன்று முள் ஃபேனைச் செருகினால் ஆணையைக் கேட்க முள்ளே இல்லை, 12 வோல்ட்டை வாங்கிக்கொண்டு முழு வேகத்தில் ஓடும். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய போர்டின் அமைப்புப் பக்கத்தில், அந்தக் கனெக்டரை மட்டும் டிசி முறைக்கு மாற்றினால் போர்டு வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி உள்ளே போனால் ஆசுஸ் போர்டில் க்யூ-ஃபேன் என்றும், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்றும், எம்எஸ்ஐயில் ஹார்டுவேர் மானிட்டர் என்றும் இந்தப் பக்கம் இருக்கும். ஆட்டோ என்ற தேர்வு பல போர்டுகளில் சரியாகவே கண்டுபிடித்துவிடும், ஆனாலும் நீங்களே டிசியா பிடபிள்யூஎம்மா என்று குறிப்பிட்டு வைப்பது நல்லது.

போர்டில் போதுமான கனெக்டர் இல்லையென்றால் ஒன்றை இரண்டாக, மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயர் கிடைக்கும். பெரும்பாலான போர்டுகளில் ஒரு கனெக்டர் 1 ஆம்பியர் வரை தாங்கும். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆம்பியர் எழுதியிருக்கும், கூட்டிப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: எல்இடி விளக்குக்கான ஒயர் வேறு, ஃபேன் ஒயர் வேறு. 5 வோல்ட் விளக்கு ஒயரை 12 வோல்ட் விளக்குக் கனெக்டரில் அழுத்திச் செருகினால் எல்இடி போய்விடும். எளிதாகப் பொருந்தாத எதையும் பலம் கொடுத்துச் செருகாதீர்கள்.

இனி வேகத்தை எவ்வளவு வைப்பது? இதில் பலருக்கும் உள்ள பயம், இறக்கினால் சூடாகிவிடும் என்பது. கணக்கைப் பாருங்கள். கேம் ஓடும்போது கேபினட்டுக்குள் 300 வாட் வெப்பம் உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 கன அடி காற்று உண்மையிலேயே உள்ளே நுழைந்து வெளியேறினால், வெளியேறும் காற்று அறையைவிட சுமார் 9 டிகிரி சூடாக இருக்கும். காற்றைப் பாதியாக்கி 30 கன அடி வைத்தால் 18 டிகிரி. ஆக, கேம் ஆடும்போது அந்த வித்தியாசம் பொருட்படுத்த வேண்டியது. ஆனால் வேர்டில் எழுதும்போதும் வீடியோ பார்க்கும்போதும் உள்ளே உண்டாகும் வெப்பம் 70 வாட் என்றால், அதே 30 கன அடிக் காற்றிலேயே 4 டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறும். அந்த நேரத்தில் ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றுவதால் உங்களுக்குக் கிடைப்பது தலைவலி மட்டுமே.

நம் ஊருக்கென்று இதில் ஒரு சேர்க்கை உண்டு. வெளிநாட்டு விமர்சனங்களில் காட்டும் ஃபேன் அமைப்புகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் சோதித்தவை. ஏசி இல்லாத அறையில் மே மாதம் 36 டிகிரி இருக்கும்போது, எல்லாப் பாகமும் அந்த 11 முதல் 16 டிகிரியை அப்படியே கூடுதலாகச் சுமக்கும். அவர்கள் 40 டிகிரியிலேயே வேகத்தை ஏற்றத் தொடங்கும் அமைப்பை நீங்கள் நகலெடுத்தால், இங்கே சும்மா இருக்கும்போதே அந்த எல்லையைத் தாண்டி ஃபேன் ஓலமிடும். நான் வழக்கமாக வைப்பது: பிராசசர் 55 டிகிரி வரை கேபினட் ஃபேன் முழு வேகத்தில் 35 அல்லது 40 சதவீதத்தில் மாறாமல் ஓடட்டும். 70 டிகிரியில் 60 சதவீதம், 85-ல் 100. இன்றைய பிராசசர்கள் 90 முதல் 100 டிகிரி வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை, அதற்கு மேல் போனால் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 60 டிகிரியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதே இல்லை. ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தால் மட்டும் அது 50 டிகிரிக்குள் இருக்கிறதா என்று கண் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை இறக்கிய பிறகு இன்னொரு தொல்லை வரலாம். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் பிராசசர் வெப்பம் ஒரு நொடியில் 15 டிகிரி எகிறி, மறுநொடி இறங்கும். ஃபேன் அதன் பின்னாலேயே ஓடி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி உயிரை வாங்கும். ஒரே அளவில் இருக்கும் சத்தத்தைக் காது மறந்துவிடும், மாறிக்கொண்டே இருக்கும் சத்தத்தை மறக்காது. பயாஸில் அதே பக்கத்தில் ஸ்டெப் அப் டைம் அல்லது ஸ்மூத்திங் என்று ஒரு அமைப்பு இருக்கும். அதைக் கூட்டி வைத்தால் சில நொடி பொறுத்திருந்துதான் ஃபேன் வேகம் மாறும். இன்னும் நல்ல வழி, கேபினட் ஃபேனைப் பிராசசர் வெப்பத்தோடு இணைக்காமல் மெதுவாக மாறும் ஒன்றோடு இணைப்பது. மதர்போர்டு வெப்பத்தோடு பயாஸிலேயே இணைக்கலாம். கேம் ஆடுபவர் என்றால் கிராஃபிக்ஸ் கார்டு வெப்பத்தோடு இணைப்பதுதான் சரி, ஏனென்றால் கேபினட்டை உண்மையில் சூடாக்குவது அதுதான். பயாஸில் பெரும்பாலும் அந்தத் தேர்வு இருக்காது. விண்டோஸில் ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ் போட்டு, பிடபிள்யூஎம்-கான்ஃபிக் ஓட்டி அமைத்துவிட்டு, ஃபேன்கண்ட்ரோல் சர்வீஸை ஓட விட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் சத்தம் எது என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது, அதை உங்கள் காதுதான் சொல்ல வேண்டும். ஆனால் கண்டுபிடிக்கும் முறை சுலபம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஒரு கேபினட் ஃபேனின் ஒயரை மட்டும் கழற்றி, ஆன் செய்து கேளுங்கள். பிறகு அடுத்தது. பிராசசர் மேல் இருக்கும் ஃபேனைக் கழற்ற வேண்டாம். எல்லா கேபினட் ஃபேனும் நின்ற பிறகும் இரைச்சல் இருந்தால் குற்றவாளி வேறு. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் கனமாக முனகும், அதைத் தாங்கும் தகரமும் சேர்ந்து அதிரும். கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து கேம் ஓடும்போது மட்டும் வரும் மெல்லிய கீச்சொலி அதன் காயில்களிலிருந்து வருவது, ஃபேனை மாற்றினால் போகாது. கேமின் ஃப்ரேம் வேகத்துக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்பதற்கு, வரம்பு வைத்தால் குறையும். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் என்று தெரிந்தால் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஃபேனின் சத்தத்திலும் ரகம் உண்டு. காற்று வீசும் வெறும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வேகத்தால் வருவது, இறக்கினால் போகும். 'ஹூம்' என்று ஒரே சுருதியில் நிற்கும் முனகல் இறக்கையின் எண்ணிக்கையாலும் வேகத்தாலும் வருவது. ஏழு இறக்கை ஃபேன் 1200 ஆர்பிஎம்மில் சுற்றினால் நொடிக்கு 140 முறை இறக்கை கடக்கும், அந்த 140 ஹெர்ட்ஸ்தான் முனகலாகக் கேட்கிறது. அந்தச் சுருதி கேபினட்டின் ஏதாவது ஒரு தகரத்துக்கு ஒத்துப்போனால் மொத்தப் பெட்டியும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். அதனால் பயாஸிலோ மென்பொருளிலோ வேகத்தை 600-லிருந்து ஐம்பது ஐம்பதாக ஏற்றிக்கொண்டே கேளுங்கள். ஏதோ ஒரு இடத்தில் திடீரென்று முனகல் பெருத்து, அதைத் தாண்டியதும் அடங்கும். அந்த வேகத்தில் ஃபேன் தங்காதபடி, அதற்குக் கீழேயும் மேலேயும் மட்டும் வேகம் அமையுமாறு, எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்று காட்டும் வளைவை வரையுங்கள். இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் செலவழிப்பது, புது ஃபேன் வாங்குவதைவிடப் பல நேரம் பலன் தரும்.

அடுத்து 'வொய்ங்… வொய்ங்…' என்று அலை அலையாக ஏறி இறங்கும் சத்தம். இதைக் கேட்டதும் ஃபேன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். இரண்டு ஃபேன்கள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில், ஆனால் சற்றே முன்பின்னாக ஓடும்போது இது வரும். ஒன்று 1000, மற்றொன்று 1030 என்றால் அவற்றின் சுருதிகள் மோதி நொடிக்கு மூன்று நான்கு முறை அலையடிக்கும். முன்னால் மூன்று ஃபேன் வரிசையாக இருக்கும் உங்கள் கேபினட்டில் இது வர நிறைய வாய்ப்புண்டு. நடு ஃபேனை மட்டும் மற்றவற்றைவிட 100 அல்லது 150 ஆர்பிஎம் தள்ளி வைத்துப் பாருங்கள், அலை மறைந்துவிடும்.

'கரகர' என்றோ 'டிக் டிக்' என்றோ கேட்டால் அது பேரிங். ஃபேனைக் கையில் எடுத்து இறக்கையை லேசாக ஆட்டினால் ஆட்டம் தெரியும். விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங், மேல்பக்கத்தில் படுக்கவைத்து மாட்டினால் சீக்கிரம் தேயும். நடு ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டால் சத்தம் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது தற்காலிக வைத்தியம், எத்தனை மாதம் தாங்கும் என்பது தேய்மானத்தைப் பொறுத்தது. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசுக்கேறிப் பேரிங்கையே இறுக்கிவிடும். துரு எடுக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், அது இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். பேரிங் தேய்ந்த ஃபேனை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு.

தூசியைச் சொல்லாமல் விட முடியாது. முன்பக்க வலையில் தூசி அடைத்தால் காற்று நுழையாது, உள்ளே சூடேறும், ஃபேன் வேகம் தானாகவே ஏறும். வலையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். ஃபேனுக்கு முன்னால், அதாவது காற்று உள்ளே வரும் பக்கத்தில், ஓட்டை போட்ட தகரம் ஒட்டினாற்போல் இருந்தாலும் சத்தம் கூடும். வெளியேறும் பக்கத்தில் தடை இருந்தால் சத்தம் அவ்வளவாகக் கூடுவதில்லை. முன் ஃபேன்களைத் தகரத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி மாட்ட வழியிருந்தால் செய்து பாருங்கள்.

ரப்பர் ஆணிகள், சிலிகான் பட்டைகள் பற்றி நான் அளவோடுதான் சொல்வேன். தகரம் அதிர்ந்தால் உதவும். அதிராத கேபினட்டில் எதுவும் மாறாது. ஓடிக்கொண்டிருக்கும்போது கேபினட்டின் பக்கத் தகரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் ரப்பருக்குச் செலவு செய்யலாம். ஃபோம் விஷயத்தில் என் பதில், வேண்டாம். அரை அங்குல ஃபோம் கீச்சென்ற மேல் சுருதிகளைக் கொஞ்சம் விழுங்கும். உங்களைத் தொந்தரவு செய்யும் 150 ஹெர்ட்ஸ் முனகலின் அலைநீளமோ இரண்டு மீட்டருக்கு மேல், அதை இந்த ஃபோம் கண்டுகொள்ளாது. காற்றுப் போகும் ஓட்டைகள் வழியாகச் சத்தமும் போய்க்கொண்டேதான் இருக்கும், அவற்றையும் அடைத்தால் சூடு ஏறி ஃபேன் வேகம் கூடும்.

மோலெக்ஸ் ஃபேன், ஹப் ஃபேன் என்று தெரிந்து கடைசியில் வாங்கத்தான் வேண்டும் என்றால், நான்கு முள் பிடபிள்யூஎம் ஃபேனாக வாங்குங்கள். 140 மில்லிமீட்டர் பொருந்தும் இடத்தில் 120 வாங்க வேண்டாம், பெரிய ஃபேன் அதே காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள், ஒவ்வொருவரும் அளக்கும் தூரமும் முறையும் வேறு. எவ்வளவு குறைந்த ஆர்பிஎம் வரை இறங்கும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் உங்களுக்குப் பயன்படும் எண். நொக்டுவா போன்ற விலை உயர்ந்த ஃபேன்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 800 ஆர்பிஎம்மில் ஓடும் நடுத்தர விலை ஃபேனுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், விலையில் உள்ள வித்தியாசத்தைவிட மிகச் சிறியது. ஐந்தையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று மாற்றி, முன்னால் மிஞ்சும் ஒன்றையும் மேலே இருப்பதையும் கழற்றிவிட்டு ஒரு வாரம் வெப்பத்தைப் பாருங்கள், பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த மூன்றே போதும்.

கேபினட்டை மேசையின் மரத் தடுப்புக்குள் வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. வைத்திருந்தால் வெளியே எடுங்கள், பின்னால் தள்ளிய சூடான காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். மேசைமேல் காதுக்கு நேராக இருந்தால் கீழே இறக்கி, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு பலகைமேல் வையுங்கள். கண்ணாடியைக் கழற்றி ஒயர்களைப் பார்த்த பிறகு, ஃபேன் கனெக்டரில் எத்தனை முள் இருக்கிறது, போர்டின் மாடல் என்ன என்ற இரண்டையும் இங்கே எழுதுங்கள். பயாஸில் எந்தப் பக்கத்தில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.